பதினோரு செகண்ட்

"நாலு மணி நேரம் ஓடுது உன் புரோகிராம். மனசாட்சின்னு ஒண்ணு இருக்கா உனக்கு?"

கேட்டவர் மானேஜர் இளஞ்செழியன். எதிரே நின்ற கீர்த்தனா, கீழ்பென்னாத்தூரிலிருந்து தினம் பஸ் பிடித்து வருகிற பெண். வேலையில் சேர்ந்து எட்டு மாதம்தான் ஆகிறது.

வேங்கிக்காலில் ஒரு மாடியில் பத்து நாற்காலி போட்ட ஆபீஸ். வேலையெல்லாம் எங்கோ வெளிநாட்டு இன்சூரன்ஸ் கம்பெனி வைத்திருக்கும் மெயின்ஃப்ரேம் என்கிற ராட்சசக் கம்ப்யூட்டரில். அதன் பிராசசர் உழைக்கிற ஒவ்வொரு செகண்டுக்கும் வாடகை. போன மாதம் வாடகை எகிறிவிட்டது. தலைமை ஆபீசிலிருந்து ஓலை வந்தது. நாளைக்கு யார் யார் புரோகிராம் பிராசசரை எவ்வளவு நேரம் தின்கிறது என்று பட்டியல் எடுப்பார்களாம். முதலில் நிற்கிற ஆளுக்கு வேலை காலி.

"அவங்க துரத்தறதுக்கு முன்னாடி நீயே எழுதிக் குடுத்துட்டுப் போயிடு. கௌரவமா இருக்கும்."

கீர்த்தனா வீட்டில் மாதச் சம்பளம் என்று வருவது அவளுடையது மட்டும்தான்.

"நாலு மணி நேரமும் அது ஓடல சார். நிக்குது. பிராசசர் அதைத் தொடறது பதினோரு செகண்டுதான். நீங்க பார்த்தது காத்துக் கிடக்கற நேரமும் சேர்ந்தது."

"என்ன கதை விடற?"

"பௌர்ணமிக்கு நாலு மணி நேரம் க்யூல நிக்கறோம். சாமியைப் பார்க்கறது ஒரு நிமிஷம். நாலு மணி நேரம் சாமி பார்த்தேன்னா சொல்லுவோம்?"

இளஞ்செழியனுக்கு விளங்கவில்லை. பாவம், அவர் என்றைக்குக் க்யூவில் நின்றார்? தெரிந்தவர் பெயரைச் சொல்லி நேரே உள்ளே போகிற மகானுபாவர்.

"உன்னுது நிக்குதுன்னா, அங்க ஓடறது யாரோடது?"

"வேணாம் சார்."

"சொல்லுன்றேன்ல."

கீர்த்தனா பிராசசர் நேரத்தை மட்டும் பிரித்தெடுத்துத் திரையை அவர் பக்கம் திருப்பினாள். முதல் பெயர் இளஞ்செழியன். மூன்று மணி நேரம் ஐம்பது நிமிஷம். கீர்த்தனா பெயர் கடைசியில் கிடந்தது.

"யார் எவ்ளோ நேரம் எடுக்கறாங்கன்னு நொடிக்கு நொடி அளக்க, போன மாசம் ஒரு புரோகிராம் போட்டீங்களே சார், அதுதான். எல்லாத்துக்கும் முன்னாடி அது ஓடணும்னு நீங்கதான் வெச்சீங்க. மத்ததெல்லாம் பின்னாடி நிக்குது."

ஏசி ஓடிக்கொண்டுதான் இருந்தது. மானேஜருக்கு வேர்த்துக் கொட்டியது. அப்புறம் அந்த முகத்தில் ஒரு பாசம் வந்தது பாருங்கள், பெற்ற அப்பன் தோற்றுப்போவான்.

"உக்காரும்மா. உன் திறமையை நான்தான் கவனிக்காம விட்டுட்டேன். ராஜினாமாவெல்லாம் எதுக்கு? உனக்குப் பெரிய பொறுப்பா ஒண்ணு குடுக்கப் போறேன்."

கீர்த்தனாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "சொல்லுங்க சார்."

"அந்த அளக்கற புரோகிராம், நாளைக்குக் காலையிலேருந்து உன் பேர்ல ஓடட்டும்."