அமாவாசைத் தீர்த்தம்

பல் பிடுங்கும் குறடுகளை ஆசீர்வாதம் ஒவ்வொன்றாக எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

துரு இல்லை. கறை இல்லை.

செங்கல்பட்டிலிருந்து வந்த சுகாதார அதிகாரி அவர். திருவள்ளூரில் பல் டாக்டர் சடகோபன் நடத்திவந்த ஆஸ்பத்திரிக்குள் நுழையும்போதே, "புகார் வந்திருக்கு டாக்டர்" என்று சொல்லிவிட்டார். யார் கொடுத்தது என்று சொல்லவில்லை.

அந்த வருஷம், ஐம்பத்தாறில், அங்கே பல் பிடுங்கிக்கொண்டு போன இரண்டு பேருக்குத் தாடை வீங்கிச் சீழ் கோத்துவிட்டது. ஒருவர் சென்னைப் பெரிய ஆஸ்பத்திரியில் செத்துப் பிழைத்தார். குற்றம் ஏதாவது தட்டுப்பட்டால் அதிகாரி இன்றைக்கே கதவைச் சாத்தச் சொல்லலாம்.

"இவ என் ஆத்துக்காரி, கமலவல்லி. கம்பவுண்டர், நர்ஸ் எல்லாம் இவதான்" என்றார் சடகோபன்.

அதிகாரி கை கூப்பினார். அவள் முகத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை.

கமலவல்லிக்கு உள்ளங்கை வேர்த்துக்கொண்டே இருந்தது. புடவைத் தலைப்பில் துடைக்கத் துடைக்க மறுபடியும் வேர்த்தது.

வாசல் பெஞ்சில் கன்னியம்மா உட்கார்ந்திருந்தாள். பெரியபாளையத்தில் அம்மன் கோயிலுக்கு வருகிறவர்களிடம் வேப்பிலை விற்கிறவள். ஒரு பக்கத்துக் கன்னம் பன்னு மாதிரி உப்பியிருந்தது.

"இன்னா சாமி, புடுங்குவியா மாட்டியா? காலைலேர்ந்து குந்திக்கினு கீறேன்!"

"இரும்மா. இப்ப இவர் என்னைப் பிடுங்கிண்டிருக்கார். முடியட்டும், உன்கிட்ட வரேன்."

அதிகாரிகூடச் சிரித்துவிட்டார்.

கமலவல்லி ஸ்பிரிட் அடுப்பை மூட்டினாள். தண்ணீர் தளதளவென்று கொதித்தது. குறடுகள் அதில் முங்கிக் கிடந்தன. அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். சரியாக இருந்தது. டாக்டர் கை கழுவிய விதம் சரியாக இருந்தது. துப்புகிற பீங்கான் பேசின் பினாயில் போட்டுக் கழுவியிருந்தது.

சாமான்கள் வைக்கும் தட்டுக்குப் பக்கத்தில் ஒரு பித்தளைச் செம்பு. அதன் வாயில் துளசி.

அதிகாரியின் கை அதை நோக்கிப் போயிற்று. பாதியில் நின்றது. வைஷ்ணவாள் வீட்டுப் பூஜைப் பாத்திரம். தானோ சர்ச்சுக்குப் போகிறவன். கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

கமலவல்லி அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எல்லாம் ஒழுங்காத்தான் இருக்கு டாக்டர்" என்று பேனாவின் மூடியைத் திறந்தார் ஆசீர்வாதம்.

சடகோபன் முகம் மலர்ந்துவிட்டது. கன்னியம்மாவை உள்ளே வரும்படி கையசைத்தார்.

கமலவல்லி செம்பை எடுத்தாள்.

"பெருமாள் தீர்த்தம் வாங்கிக்கோங்கோ சார்."

சடகோபன் திடுக்கிட்டார். தலைமுறை தலைமுறையாகக் கோயில் கைங்கர்யம் செய்த குடும்பம். அந்த வீட்டில் பெண்கள் கையால் யாருக்கும் தீர்த்தம் கொடுத்தது கிடையாது. பயத்தில் என்ன செய்கிறோம் என்று தெரியாமல் செய்கிறாள், பாவம், என்று நினைத்துக்கொண்டார்.

அதிகாரி மரியாதைக்காக உள்ளங்கையைக் குழித்து நீட்டினார். உறிஞ்சினார்.

"இனிக்குதே!"

"பெருமாள் கோயில் குளத்துத் தீர்த்தம் சார். அமாவாசைக்கு முழுக வரவா, வியாதி கரையணும்னு வெல்லம் கரைப்பா. அப்ப மொண்டு வரது."

"சரிம்மா. அதுக்குப் பல் ஆஸ்பத்திரியில என்ன வேலை?"

அவள் புருஷனைப் பார்த்தாள்.

சடகோபனுக்குப் பொய் சொல்ல வராது.

"கொதிக்கவெச்சு எடுத்தப்பறம் குறட்டு மேல தெளிப்பேன். பல் எடுத்த குழியிலேயும் ரெண்டு சொட்டு விடுவேன்."

ஆசீர்வாதம் பேனாவை மூடினார்.

"ஊரே முழுகி எழுந்த தண்ணி டாக்டர். கொதிக்கவெச்சு என்ன பிரயோஜனம்? படிச்சவர், உங்களுக்கா இது தெரியாது?"

"தெரியும்."

சடகோபன் நோயாளிகள் உட்காரும் நாற்காலியைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"என் பொண்ணு வைதேஹிக்குக் கொதிக்கவெச்ச குறட்டாலதான் எடுத்தேன். அன்னிக்கு வேற ஒண்ணும் தெளிக்கலே. தாடை வீங்கித்து. அந்த வாரமே போயிட்டா."

 வாசற்படியில் கன்னியம்மா கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டாள்.

அதிகாரி குரலை உயர்த்தவில்லை. செம்பிலிருந்த நீரை ஒரு சீசாவில் ஊற்றி மூடினார். சோதனை முடிவு வருகிற வரைக்கும் பல் பிடுங்கக் கூடாது என்றார்; பிறகு தானே வந்து பார்த்துவிட்டு அனுமதி தருவதாகச் சொன்னார். கன்னியம்மாவை சர்க்கார் ஆஸ்பத்திரியில் விடுவதாகத் தன் ஜீப்பிலேயே ஏற்றிக்கொண்டார்.

"ஜீப்புல இட்டுக்கினு போவாங்கன்னா இன்னொரு பல்லு வலிச்சாலும் தேவல" என்று அவள் ஏறிப்போனாள்.

ஜீப்பின் சத்தம் தெருமுனையில் தேய்ந்தது.

சடகோபன் அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். மனைவியின் கையைத் தொட்டார்.

"விடு கமலா. வந்த மனுஷருக்குத் தீர்த்தம் குடுக்கணும்னு உனக்குத் தோணித்து. உன் மேல தப்பில்லே."

கமலவல்லி அவர் தலையைத் தன்னோடு சேர்த்து அணைத்துக்கொண்டாள்.

போன வாரம் அரக்கோணத்துத் தங்கை வீட்டுக்கு என்று ரயிலேறியவள், அங்கே இறங்கிச் செங்கல்பட்டு வண்டிக்கு மாறினாள். ஆசீர்வாதத்தின் மேஜைக்கு எதிரே வெகுநேரம் தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள். பெருமாள் தீர்த்தத்தைக் குற்றம் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. "எங்காத்து ஆஸ்பத்திரிக்கு ஒரு தரம் வந்து பாருங்கோ சார். இன்னொருத்தர் ஆத்துல குழந்தை போகக் கூடாது" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து வந்திருந்தாள்.