இரட்டைச் செருமல்

இந்தக் கதையில் ஒரு ஆள் அசடு வழியப் போகிறார். நீங்கள் வயிறு குலுங்கச் சிரிக்கலாம். ஆனால் உடனே இல்லை. முதலில் இன்ஜினியர் ஓல்வேராவைக் கொஞ்சம் திட்டிவிட்டு வருவோம்.

மெக்ஸிகோவின் ஹுவாரெஸ் நகரில் கார்களுக்கு வயர்க் கட்டு செய்கிற ஃபேக்டரி எங்களுடையது. அதில் பெல்ட் ஓடும் நாலாவது லைன் அவர் வடிவமைத்தது. கழுத்தில் எப்போதும் ஸ்டாப்வாட்ச் தொங்கும். யார் கை எப்போது வேலையை விட்டு விலகுகிறது என்பது அவர் கண்ணுக்குத் தப்பாது. "உட்கார்ந்தா கை எட்டாது, நின்னா எட்டும்" என்று ஒரு நாள் ஸ்டூல்களை எல்லாம் தூக்கிவிட்டார். லைன் வேகம் பிடித்தது. எங்களுக்குக் கால் வீங்கியது.

"மனுஷனா இந்த ஆளு?" என்றாள் யாதிரா அக்கா, இடுப்பைப் பிடித்தபடி.

அவளுக்கு ஆறாம் மாசம். என்னிடம் மட்டும் சொல்லியிருந்தாள். மற்றவர்களுக்குத் தெரியாமல் அகலமான ஏப்ரன் வயிற்றை மறைத்தது. ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் முன்னால் விஷயம் தெரிந்தால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

நிற்க முடியாதவர்கள் லைன் ஓரமாகத் தொங்கும் கயிற்றை இழுத்து லைனை நிறுத்தலாம். ஆனால் இழுத்தவர் தலைக்கு மேல் சிவப்பு விளக்கு எரியும். மாடியில் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் மேனேஜர் பர்ராகானுக்கு அந்த விளக்கு மேல்தான் கண்.

ஆக, லைன் நிற்க வேண்டும். அக்கா நிறுத்தக் கூடாது.

இங்கேதான் நான் வருகிறேன். பேர் பெரிக்கோ, அதாவது கிளி. அம்மா வைத்த பேர் வேறு. அது இப்போது அம்மாவுக்கே ஞாபகம் இருக்கிறதோ என்னவோ. பதினெட்டு வயசில் என் ஒரே சொத்து தொண்டைதான். மூக்கால் பேசும் மேனேஜரா, கேட்டில் புரிட்டோ ரொட்டி விற்கிற அம்மாளா, யார் குரல் வேண்டும் சொல்லுங்கள்.

லைனுக்கு வயர்ச் சுருள் வண்டி தள்ளிக்கொண்டு போகிற வேலை எனக்கு. தினமும் பத்து மணிக்கு ஓல்வேரா காபி எடுக்கப் போவார். ஞாபக மறதிக்காரர், அறையைப் பூட்டவே மாட்டார். மேஜை மேல் லைன் ஸ்பீக்கருக்கான மைக் இருக்கும். ஒரு நாள் உள்ளே நுழைந்து அவர் குரலில் பேசினேன்.

"ஹ்ம்... ஹ்ம்ம். லைன் நாலு, நிறுத்துங்க. பெல்ட் தொய்யுது. அஞ்சு நிமிஷம்."

அந்த இரட்டைச் செருமல் அவருடையது இல்லை. அவர் குரல் வடிகட்டின தண்ணீர். செருமல், ருசிக்காக நான் போட்ட உப்பு.

லைன் நின்றது. எல்லோரும் கிடைத்த இடத்தில் சாய்ந்தார்கள். காலிப் பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டேன். அக்கா உட்கார்ந்தாள்.

"மாட்டினா உன் தோலை உரிச்சிருவாங்கடா."

"உரிக்கட்டும்க்கா. உள்ளே இன்னொரு குரல் இருக்கும்."

அப்புறம் தினமும் இதே கூத்து. ஒரு நாள் மேனேஜர் மாடியிலிருந்து இறங்கி வந்தார், மூக்கும் கூடவே வந்தது.

"என்ன ஓல்வேரா, பத்து மணியானா லைன் படுத்துக்குது? நீங்களா நிறுத்துறீங்க?"

வயர் வண்டிக்குப் பின்னால் நான் உட்கார்ந்துவிட்டேன்.

ஓல்வேரா ஸ்டாப்வாட்சைச் சட்டையில் துடைத்தார். "ஆமா சார், நான்தான். பெல்ட் தொய்யுது."

"நீங்க போட்ட லைன்தானே? ஒரு பெல்ட் ஒழுங்கா மாட்டத் தெரியாதா?"

"பார்த்துட்டிருக்கேன் சார்."

அன்று மதியம் புரிட்டோ புரையேறுகிற மாதிரி சிரித்தேன். "அக்கா, நான் பேசினதைத் தானே பேசினதா நம்பிட்டாருக்கா. இவ்வளவு படிச்சு என்ன புண்ணியம்? தன் குரல் எதுன்னு தெரியல."

"பாவம்டா, எல்லார் முன்னாடியும் திட்டு வாங்கினாரு."

"என் திறமை அப்படி."

சிரித்துவிட்டீர்களா? அவசரம். அசடு இன்னும் வழியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை தங்கச்சிக்குப் பதினைந்தாவது பிறந்தநாள். பெரிய விருந்து. மாமாக்களோடு போட்டி போட்டுப் பாடினேன். திங்கட்கிழமை எழுந்து அம்மாவைக் கூப்பிட்டால், ஓட்டை பலூன் சத்தம்தான் வந்தது. என் சொத்து திவால்.

அன்று பத்து மணி தாண்டியது. அக்கா முகம் வெளுத்திருந்தது. ஒரு கை வயர் செருகியது. இன்னொரு கை மேஜையைப் பிடித்திருந்தது.

"டேய், இன்னும் என்ன லேட்டு?"

தொண்டையைத் தொட்டுக் காட்டிக் கையை விரித்தேன். அவள் என்னைப் பார்த்தாள். மேலே கண்ணாடியைப் பார்த்தாள். பிறகு கயிற்றுக்குக் கையை நீட்டினாள். வேண்டாம் என்று கத்தினேன். காற்றுதான் வந்தது.

ஸ்பீக்கர் கரகரத்தது.

"லைன் நாலு, நிறுத்துங்க. பெல்ட் தொய்யுது. அஞ்சு நிமிஷம்."

வடிகட்டின தண்ணீர். லைன் நின்றது. அக்கா கயிற்றை விட்டுவிட்டுப் பெட்டியில் சரிந்தாள்.

எதையோ மறந்துவிட்டது போல ஸ்பீக்கர் ஒரு கணம் தயங்கியது. அப்புறம்,

"ஹ்ம்... ஹ்ம்ம்."

கதவு திறந்திருந்த ஓல்வேரா அறையை அக்கா பார்த்தாள். என்னைப் பார்த்தாள். முகத்தை ஏப்ரனால் பொத்திக்கொண்டு குலுங்கினாள்.

இப்போது நீங்களும் சிரிக்கலாம். அசடு வழிகிற ஆள் இதோ நிற்கிறான், வயர் வண்டியைப் பிடித்துக்கொண்டு, வாயை மூட மறந்து.