எத்தனை பேர்?

ரயில் தடம்புரண்ட செய்தி வந்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. ரயில் ரசிகர்களின் வாட்ஸ்அப் குழுவில் படங்கள் வந்து குவிந்தன. காயம்பட்டவர்களைக் கவனிக்க ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிக்கொண்டிருந்த நர்ஸ் அக்கா, தம்பியின் செல்போனை வாங்கிப் பார்த்தாள்.

"‘ஐயோ, எவ்வளவு அழகான என்ஜின், போச்சே’ன்னு ஒருத்தன் அழுறான். ‘கவிழ்ந்த பெட்டியோட நம்பர் தெரியற மாதிரி படம் போடுங்க’ன்னு இன்னொருத்தன். சீ! மனுஷங்களாடா இவங்க?"

தம்பி சுவரோரம் சுருண்டு உட்கார்ந்திருந்தான்.

"இத்தனை பேர்ல நீ ஒருத்தன்தான் ‘எத்தனை பேர் செத்தாங்க’ன்னு கேட்டிருக்க. அதுவும் ஆறு தடவை!" அக்கா குனிந்து அவன் தலையை வருடினாள். "உன் நெஞ்சுலயாவது ஈரம் இருக்கே."

"அப்படிச் சொல்லாதக்கா."

"ஏன்டா?"

"புரண்ட இடம் என் டியூட்டிப் பகுதி. காலையில அந்தத் தண்டவாளத்தை நடந்து பார்க்க வேண்டியது நான்தான். புது என்ஜின் வருதுன்னு ஸ்டேஷனுக்குப் படம் எடுக்கப் போயிட்டேன். பார்த்ததா நோட்டுல கையெழுத்து மட்டும் போட்டேன்."

அக்கா அவன் தலையிலிருந்து கையை எடுத்தாள். அதைச் சீருடையில் அழுத்தித் துடைத்துக்கொண்டு வெளியே நடந்தாள்.