ஆறாவது அணி

அணியின் உடை மாற்றும் அறையில் ஹோலிஸ் தன் அலமாரியின் மேல் ஒட்டியிருந்த பெயர்த்தாளைக் கிழித்துக் கசக்கிக் குப்பைக் கூடையில் போட்டான். எதிர் பெஞ்சில் காலை நீட்டி உட்கார்ந்திருந்த ஜேரியன் அதைப் பார்த்துக் கைதட்டினான்.

"என்ன தாத்தா, மூட்டை கட்டியாச்சா? இது எத்தனாவது டீம்?"

"ஆறு" என்றான் ஹோலிஸ்.

தாத்தாவுக்கு வயது முப்பத்தொன்று. அமெரிக்கக் கால்பந்தில் பந்தை வயிற்றோடு அணைத்துக்கொண்டு, எதிரே நிற்கும் மலை மாதிரி ஆட்களுக்குள் தலையைக் கொடுத்து ஓடுவதுதான் அவன் பிழைப்பு. பஃபலோவில் முட்டி போனது, டாம்பாவில் விலா எலும்பு. எந்த ஊரிலும் அவனை நிலையாக இருக்க விட்டதில்லை.

ஜேரியன் கல்லூரியில் பெரிய புலி. அதை அவனேதான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தான். புதிதாக வந்தவன் மூத்தவர்களுக்கு டோனட் வாங்கி வருவது முகாம் வழக்கம். இந்த மகாராஜா வாங்கி வந்து, அவர்கள் கண்ணெதிரே உட்கார்ந்து தானே தின்று தீர்த்தான். பயிற்சியில் பந்தைத் தவறவிட்டால் மட்டும் பந்து சரியில்லை என்பான்.

அன்று ஆட்களைக் கழித்துவிடும் கடைசி நாள். பந்தோடு ஓடும் ரன்னிங் பேக்குக்கு அணியில் மிச்சமிருந்தது ஒரே இடம், போட்டிக்கு மூன்று பேர். மூன்றாவது ஆளான பாய்ட், மூலையில் உட்கார்ந்து பயிற்சிக்காகக் கணுக்காலுக்குப் பட்டை சுற்றிக்கொண்டிருந்தான். அவனை ஜேரியன் ஆளாகவே மதித்ததில்லை.

'கோச் கூப்பிடறார், டேப்லெட்டையும் எடுத்துட்டு வா.' இந்த ஒரு வாக்கியத்துக்குத்தான் அந்த அறையே நடுங்கும். அணியின் ஆட்டத் திட்டமெல்லாம் டேப்லெட்டில் இருக்கிறது, அதைத் திருப்பிக் கேட்டால் சீட்டுக் கிழிந்தது என்று அர்த்தம். அதைச் சொல்ல வருகிறவருக்கு ஆட்டக்காரர்கள் வைத்த பெயர் எமன். பல வருட எமனான ஃபர்கஸ் போன வாரம்தான் ஓய்வு பெற்றார். அவருடைய பிரிவுபசாரக் கேக்கிலும் இரண்டு துண்டு ஜேரியன் வாயில்தான் போனது.

"புது எமன் எப்படா வருவான்?" என்று வாசலை எட்டிப் பார்த்தவன், ஹோலிஸின் கால் பக்கம் திரும்பினான். "பட்டைகூடச் சுத்தல பார். உனக்கே தெரிஞ்சுபோச்சா?"

"நேத்தே கோச்சைப் பார்த்துட்டேன்."

"டேப்லெட்?"

"கொடுத்தாச்சு. இனிமே ஆட்டம் கிடையாது."

ஜேரியன் துள்ளி எழுந்தான். "டேய் பாய்ட், கேட்டியா? தாத்தா காலி! அப்புறம் நீ மட்டும் எதுக்குடா பட்டை சுத்தற? எங்கம்மாவுக்கு முதல் மேட்ச் டிக்கெட்டே அனுப்பிட்டேன். சர்ச் பூரா தம்பட்டம் அடிச்சிட்டு இருக்காங்க."

பாய்ட் அடுத்த காலுக்குப் பட்டை சுற்றத் தொடங்கினான். ஹோலிஸின் முகம் மட்டும் ஒரு கணம் வாடியது. ஒவ்வோர் ஊரிலும் எமன் கூப்பிட்ட பிறகு அவன் முதலில் போன் செய்தது அம்மாவுக்குத்தான்.

அதையும் ஜேரியன் தன் கணக்கில் வெற்றியாகச் சேர்த்துக்கொண்டான். "ஊர் ஊரா துரத்தின ஆளுக்கு இனிமே எவன் வேலை கொடுப்பான் தாத்தா? போய்ப் பேரனைக் கொஞ்சு!"

ஹோலிஸுக்கு இன்னும் கல்யாணமே ஆகவில்லை. அவன் பையிலிருந்து அணியின் அலுவலக ஆட்கள் போடும் சட்டையை எடுத்து மாட்டினான். பொத்தான்களை நிதானமாகப் போட்டுக்கொண்டு ஜேரியன் முன்னால் வந்து நின்றான்.

"கோச் கூப்பிடறார் தம்பி. டேப்லெட்டையும் எடுத்துட்டு வா."