வாறம்

எதிர்வீட்டு ஆப்கான்காரன் நவ்ரோஸுக்கு வந்த கடிதத்தை வாசித்துவிட்டு, செலஸ்ரீனா எரிச்சலோடு மேசையில் எறிந்தாள். அவனுடைய மனைவியும் மகளும் இருந்த வீட்டின்மேல் குண்டு போட்ட வல்லரசு, மூன்றாவது முறையும் அதே பதிலைத்தான் அனுப்பியிருந்தது.

"என்னவாம், அக்கா?" இத்தாலியின் பலெர்மோ நகரத்து உணவகமொன்றில் ஈழத்து ஆட்களோடு கோப்பை கழுவித் தமிழ் பழகியவன் அவன்.

"அண்டைக்கு ஒருத்தரும் சாகேல்லையாம். பொய்யர்! திரும்பவும் எழுதுவம், தம்பி."

"செத்தவை எண்டு ஒரு வரி எழுதினாப் போதும், அக்கா." வேலைக்குப் புறப்பட்டான். "அப்ப வாறம்."

"தனி ஆள் 'வாறன்' எண்டெல்லோ சொல்லோணும்?"

அவன் போனபின் உடுப்புக் காயப்போடப் பல்கனிக்கு வந்தாள். ஒடுங்கிய ஒழுங்கைக்கு அப்பால், பூட்டிக்கிடந்த அவன் வீட்டுக் கொடியில், பச்சைப் பொத்தான் வைத்த சின்ன மஞ்சள் சட்டை தொங்கியது. பிள்ளை சாகும்போது போட்டிருந்ததென்றும் அதோடேயே புதைத்ததென்றும் மூன்று விண்ணப்பத்திலும் அவள் தன் கையால் எழுதிய சட்டை. அதிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.