நடுங்கும் கோடு

திரையில் கோடு நடுங்குகிறது. தொடை ரத்தக்குழாய் வழியாகப் பெரியவரின் இதயத்துக்குள் போயிருக்கும் மெல்லிய ஒயர் அங்கே ஓடும் மின்துடிப்பை எழுதிக்கொண்டிருக்கிறது. ஆனால் கோடு முழுவதும் புல் முளைத்தாற்போல் இரைச்சல். படபடப்பைக் கிளப்பும் கள்ளப் பாதையைக் காட்டும் சின்ன முள் அதற்குள் எங்கோ மறைந்திருக்கிறது. ஒயரின் நுனிச் சூட்டால் அந்த இடத்தைச் சுட்டால் பெரியவர் பிழைத்தார். நூலிழை தள்ளிச் சுட்டால் நல்ல பாதை கருகிவிடும். “ஏம்மா, இரைச்சலை வடிக்கிற ஃபில்டரைப் போடேன்” என்கிறார் டாக்டர், பிடித்த ஒயரை விடாமல். “போட்டா அந்த முள்ளும் சேர்ந்து அழிஞ்சிடும் சார்.” “அப்ப ஜோசியம் பார்த்தா சுடச் சொல்றே?” கண்ணாடித் தடுப்புக்கு இப்பால் டெக்னீஷியனின் விரல் பொத்தான்மேல் நிற்கிறது. இணைப்புகளை இரண்டு முறை சரிபார்த்தாயிற்று. ‘ஆண்டவனே, நீயே காட்டு’ என்று முணுமுணுத்தபடி நிமிர்கிறாள். பச்சைத் துணிக்கு வெளியே இரண்டு வெறும் பாதங்கள் ஏசிக் குளிரில் வெடவெடக்கின்றன. இத்தனை நேரமும் திரையை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். எக்ஸ்ரே கதிரைத் தடுக்கும் ஈய அங்கியை மாட்டிக்கொண்டு உள்ளே ஓடுகிறாள். “குளிருதாய்யா? சொல்லக் கூடாதா?” “எல்லாரும் மும்முரமா இருக்கீங்க... தொந்தரவு எதுக்குன்னுதான் தாயி.” கம்பளியைப் போர்த்தி, ஐஸ்கட்டியாய்க் கிடக்கும் பாதங்களைத் தன் இரு கைகளுக்குள் பொத்திக்கொள்கிறாள். வெடவெடப்பு மெல்ல மெல்ல அடங்குகிறது. அதோடு சேர்ந்து, டாக்டரின் தலைக்கு மேலே இருக்கும் திரையில் இரைச்சல் புல்லும் படிகிறது. வெறுங்கோட்டில் ஒரு சின்ன முள் தனியே எழுந்து நிற்கிறது. “கையை எடுத்துடாதேம்மா” என்கிறார் டாக்டர், தணிந்த குரலில்.