சின்னம் ஒட்டிய சட்டை

இஸ்திரிப் பெட்டியை இழுக்கக் கூடாது, அழுத்த வேண்டும். இழுத்தால் துணியில் ஒட்டும் பேட்ச்சின் சின்னம் கோணிக்கொள்ளும். பேட்ச்காரருக்கு இது கை பழகிய வேலை. பள்ளிப் பைகள், தொப்பிகள், தொழிற்சாலைச் சீருடைகள் என்று ஊரில் பாதிப் பேர் அவர் ஒட்டிய பேட்ச்சோடுதான் நடமாடினார்கள். முதலாளி புது இயந்திரம் வாங்கியதும் அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார். வரும்போது அவர் சத்தமில்லாமல் எடுத்து வந்தது, ஒரு லிஃப்ட் கம்பெனிக்கு ஒட்டியதில் மிஞ்சிய பேட்ச் ஒன்று.

நீலச் சட்டையை மேசையில் விரித்து, பாக்கெட்டின் மேல் பேட்ச்சை வைத்து, மெல்லிய துணி போர்த்தி அழுத்தினார். புரட்டிப் போட்டு உள்பக்கமும் சூடு காட்டினார். ஆறிய பிறகு ஓரத்தை நகத்தால் நெம்பிப் பார்த்தார். அசையவில்லை.

வேலை கிடைத்துவிட்டது என்றே மனைவி நினைத்துக்கொண்டாள். காலரைச் சரிசெய்துவிட்டு, “உங்களுக்கு எடுப்பா இருக்குங்க” என்றாள். அவருக்கு அவள் முகத்தைப் பார்க்கத் தெம்பில்லை.

அவர் குறி வைத்தது ஓர் அடுக்குமாடியின் ஐந்தாம் மாடி வீடு. மகளோடு இருக்க வெளிநாடு போகிறேன், வீடு பூட்டித்தான் கிடக்கும் என்று அந்த வீட்டு அம்மாள் பையில் பேட்ச் ஒட்ட வந்தபோது கடையிலேயே சொல்லியிருந்தாள்.

வாசலில் சீருடையில் நின்ற காவலாளி மறித்தார். லிஃப்ட் பார்க்க வந்திருப்பதாகச் சொன்னதும் அந்த மனிதரின் முகம் ஒரு கணம் வெளிறியது. பிறகு பேட்ச்சைப் பார்த்தார். உடனே வாயெல்லாம் பல்லாகிவிட்டது.

‘சட்டையைத்தான் பார்க்கிறான், ஆளைப் பார்க்கவில்லை’ என்று பேட்ச்காரர் மனதுக்குள் சிரித்துக்கொண்டார்.

“லிஃப்டை நிறுத்தறதுக்கு முன்னாடி ஒரு கை குடுங்க அண்ணே” என்றார் காவலாளி. ஐந்தாம் மாடி டாக்டர் குடும்பம் வீடு மாறிப் போகிறதாம். சாமான் வண்டி வந்து நிற்கிறது, கூட வர வேண்டிய ஆள் வரவில்லையாம்.

பேட்ச்காரருக்கு உள்ளம் குளிர்ந்தது. அந்த மாடியில் இரண்டே வீடு; எதிர்வீடும் காலி என்றால் பார்க்க ஆளே இல்லை. தவிர, காவலாளியின் நம்பிக்கையைச் சம்பாதிக்க இதைவிட நல்ல வழி ஏது? ஐந்தாம் மாடி நடைபாதையில் நின்ற பெட்டிகளை லிஃப்டில் ஏற்றி, இறக்கி, முதுகு ஒடிய வண்டியில் அடுக்கினார். கீழ்வீட்டு அம்மாள் ஜன்னல் வழியே பார்த்தபோது மிடுக்காக ஒரு வணக்கமும் வைத்தார்.

“உங்களை மாதிரி ஆளைப் பார்க்கறதே அபூர்வம் அண்ணே” என்று கையைப் பிடித்துக் குலுக்கிய காவலாளி, வண்டிக்கு வழி காட்டிவிட்டு வருவதாகச் சொல்லி அதிலேயே ஏறிப் போனார்.

இனி என்ன தடை? பேட்ச்காரர் விசில் அடித்தபடியே ஐந்தாம் மாடிக்குப் போனார். திருப்புளியை எடுத்துக் கதவில் வைத்தார். வைத்ததுமே கதவு தானாகத் திறந்துகொண்டது.

உள்ளே பீரோ வாயைப் பிளந்து நின்றது. அலமாரிகள் துடைத்துவிட்டாற்போல் இருந்தன. எதிர்வீட்டிலிருந்து டாக்டர் குடும்பத்தின் தொலைக்காட்சிச் சத்தம் நிதானமாகக் கேட்டது.

தான் தூக்கிச் சுமந்தது எந்த வீட்டுச் சாமான் என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது. படிகளில் உருண்டு விழாத குறையாக ஓடி வந்தார். கீழே சிறு கூட்டம். தண்ணீர் மோட்டார் அறைக்குள்ளிருந்து யாரோ கதவை உதைக்கும் சத்தம் கேட்டு ஆட்கள் பூட்டை உடைத்துக்கொண்டிருந்தார்கள்.

கீழ்வீட்டு அம்மாள் நேராக அவர் நெஞ்சிலிருந்த பேட்ச்சைக் காட்டினாள். “இவர்தான். எல்லாப் பெட்டியையும் இவர்தான் வண்டியில ஏத்தினாரு.”

கைகள் அவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்தன. பேட்ச் மட்டும் அசையவே இல்லை.

பூட்டு உடைந்தது. கைகால் கட்டப்பட்டு, வாயில் பிளாஸ்திரியும் உடம்பில் வெறும் பனியனுமாக உள்ளேயிருந்து உருண்டு வந்தார், அந்தக் கட்டடத்தின் உண்மையான காவலாளி.